டூ-ஸ்ட்ரோக், ஃபோர்-ஸ்ட்ரோக்: எந்த என்ஜினுக்கு எந்த ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஓடும் புல்வெட்டும் இயந்திரங்கள், மருந்தடிக்கும் இயந்திரங்கள், களையெடுக்கும் பவர் வீடர்கள், சின்ன ஜெனரேட்டர்கள் ஆகியவற்றைப் பழுது பார்ப்பது என் தொழில். பட்டறைக்கு வருகிறவர்கள் ஆயில் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்கும் ஆள் மட்டும் மாறுவார். பதில்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் தாள் எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. தம்பி, எங்களுடைய மெஷின் டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்றே எனக்குத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்ரோல் மூடியைத் தவிர, என்ஜினின் அடிப்பகுதியில் இன்னொரு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திருகினால் அளவுக்குச்சியோடு வந்தாலோ, துளைக்குள் ஆயில் தெரிந்தாலோ அது ஃபோர்-ஸ்ட்ரோக். அப்படி ஒரு மூடி இல்லை, பெட்ரோல் மூடியிலேயே எண்ணெய்த் துளியின் படமோ 25:1, 50:1 போன்ற எண்ணோ இருக்கிறது என்றால் டூ-ஸ்ட்ரோக்.

சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன் என்பவர்களும் உண்டு. டூ-ஸ்ட்ரோக் வண்டு போல வீரிடும், ஃபோர்-ஸ்ட்ரோக் தடதடக்கும் என்பது சரிதான். ஆனாலும் காதை நம்பி ஆயில் வாங்க வேண்டாம். இந்த எளிய சோதனைக்கு ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. அது 14ஆம் கேள்வியில் வருகிறது. மரம் அறுக்கும் செயின்சாவின் இரண்டாம் மூடியும் இந்தக் கணக்கில் சேராது, அதை 18ஆம் கேள்வியில் பாருங்கள்.

2. ஆயிலை எதற்குப் பெட்ரோலில் கலக்க வேண்டும்? தனியாக ஊற்றினால் ஆகாதா?

ஃபோர்-ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு சுழலும் அறையின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். அது சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் விழும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த அறைக்கு வேறு வேலை இருக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது காற்றும் பெட்ரோலும் அதற்குள்தான் நுழைகின்றன. பிஸ்டன் கீழே வரும்போது அங்கிருந்துதான் சிலிண்டருக்குள் தள்ளப்படுகின்றன. காற்றடிக்கும் பம்பாக வேலை செய்யும் அறையில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது.

அதனால் ஆயில் பெட்ரோலோடு பயணம் போகிறது. போகிற வழியில் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டன் வளையங்களையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்து புகையாக வெளியேறுகிறது. ஒரே முறைதான் பயன்படும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் நன்றாக உயவூட்டினால் மட்டும் போதாது, சுத்தமாக எரியவும் வேண்டும் என்பது இதனால்தான். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு வேர் இந்த ஒரு விஷயம்.

3. ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி? ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 40 என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். 50:1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. ஆயிரத்தை முதல் எண்ணால் வகுத்தால் மில்லிக் கணக்கு வந்துவிடும். வேறு சூத்திரம் எதுவும் இல்லை. விலை குறைந்த இறக்குமதி இயந்திரங்களில் 25:1 என்று இருப்பது சகஜம்.

சில கையேடுகளில் இரண்டு எண்களும் இருக்கும்: எங்கள் ஆயில் என்றால் 50:1, மற்ற ஆயில் என்றால் 25:1. நிறுவனம் தான் சோதித்துப் பார்த்த ஆயிலுக்கு மட்டும் உறுதி சொல்கிறது, தெரியாத ஆயிலுக்குக் கொஞ்சம் கூட்டி ஊற்றச் சொல்கிறது. அந்த எச்சரிக்கையை மதியுங்கள்.

அளப்பதற்கு மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். 'ஒரு மூடி' என்பது அளவு அல்ல. இருமல் மருந்து மூடிக்கும் ஆயில் டப்பா மூடிக்கும் இடையில் எத்தனையோ என்ஜின்கள் போயிருக்கின்றன.

4. டேங்கிலேயே பெட்ரோலையும் ஆயிலையும் ஊற்றி ஆட்டினால் போதாதா?

போதாது. கனமான ஆயில் முதலில் அடியில் போய் உட்காரும். என்ஜினுக்குப் போகும் குழாயும் அடியில்தான் வாய் வைத்திருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் ஆயிலாகக் குடித்துப் பிளக் நனையும், பிறகு வெறும் பெட்ரோலாகப் போகும்.

தனிக் கேனில் பாதிப் பெட்ரோல், அதன்மேல் அளந்த ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடியும் குலுக்கல். டேங்கில் ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் இன்னொரு குலுக்கல். டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் ஏற்றியிருப்பது தரத்தைக் காட்டுவதற்கு அல்ல. இந்தக் கேனில் ஆயில் கலந்தாயிற்றா என்பது பார்த்தவுடன் தெரிவதற்கு.

5. கொஞ்சம் அதிகமாக ஊற்றினால் என்ஜினுக்கு நல்லதுதானே? எண்ணெய் கூடினால் என்ன கெட்டுவிடும்?

தோசைக்கல்லுக்குச் சொல்ல வேண்டிய நியாயம் இது. என்ஜினில் மிகுந்த ஆயில் முழுதாக எரியாது. பிளக்கில் கரி பிடிக்கும், புகைக் கூண்டின் வலை அடைபடும், புகை வெளியேறும் துளை சுருங்கும். வேகம் குறைகிறது என்று நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், சூடு இன்னும் ஏறும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதியும் உண்டு. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் துளை வழியாக ஒரு நேரத்தில் இவ்வளவு திரவம்தான் போகும். அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை அதிகச் சூட்டோடு எரியும். பாதுகாப்புக்கு என்று ஊற்றியது சூட்டைக் கூட்டித் தருகிறது. இதற்காகப் பயந்து குறைத்துவிடாதீர்கள். 20க்குப் பதில் 25 ஆனால் கரிதான் மிஞ்சும். 20க்குப் பதில் 10 ஆனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

6. 2டி டப்பாவில் டிசி, எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, எதைப் பார்த்து வாங்குவது?

2டி என்றால் டூ-ஸ்ட்ரோக் ஆயில், 4டி என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயில். முன்பக்கத்துப் பந்தய பைக் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஏபிஐ டிசி என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் பழைய வகைப்பாடு. காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கானது. ஜாசோ என்பது ஜப்பானிய வாகன நிறுவனங்களின் தர அமைப்பு. அதில் எஃப்பி அடிப்படை. எஃப்சி என்றால் புகை குறைவு. எஃப்டி என்றால் புகை குறைவதோடு, அதிகச் சூட்டிலும் பிஸ்டன் சுத்தமாக இருக்கும். டப்பாவில் ஐஎஸ்ஓ இஜிபி, இஜிசி, இஜிடி என்று இருந்தால் அவையும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

நாள் முழுதும் தோப்பில் ஓடும் புல்வெட்டிக்கும் செயின்சாவுக்கும் நான் எஃப்டி மட்டுமே கொடுக்கிறேன். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிதான் போகிறது. விலை வித்தியாசம் லிட்டருக்குச் சில ரூபாய்தான் வரும். டப்பாவில் இவற்றில் எந்த எழுத்துமே இல்லாமல் 'உயர்தரம்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

7. மச்சான் கடலில் படகு ஓட்டுகிறார். அவர் கொடுத்த 2டி ஆயில் அரை டப்பா இருக்கிறது. மருந்தடிக்கும் மெஷினுக்கு ஊற்றலாமா?

டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மச்சானுக்கே திரும்பிப் போகட்டும். படகின் பின்னால் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கான ஆயில் அது. இலங்கைத் தமிழ் மீனவர்கள் வெளியிணைப்பு இயந்திரம் என்று அழகாகச் சொல்வது இந்த என்ஜினைத்தான். கடல்நீரே ஓடிக் குளிர்விப்பதால் அது ஓரளவுக்கு மேல் சூடாகாது. அதனால் அதன் ஆயிலில் சாம்பல் விடும் உலோக வகைச் சுத்திகரிப்புப் பொருள்கள் சேர்ப்பதில்லை.

முதுகில் சுமக்கும் இயந்திரத்துக்கு விசிறிக் காற்றுதான் குளிர்ச்சி. அந்தச் சூட்டில் டிசி-டபிள்யூ3 தாக்குப்பிடிக்காது, வளையங்கள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மறுபக்கமும் இதேதான்: தரை என்ஜின் ஆயிலைப் படகில் ஊற்றினால் சாம்பல் படிந்து வேறு தொல்லை வரும்.

8. வீட்டில் பைக்குக்கு வாங்கிய 4டி ஆயில் மிச்சம் இருக்கிறது. அதையே பெட்ரோலில் கலந்தால் என்ன?

ஓடும். அதுதான் சிக்கல். ஓடுகிறதே என்று நம்பி ஒரு மாதம் ஓட்டிவிட்டு வருகிறார்கள். 4டி ஆயில் எரிவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. அதில் இருக்கும் கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்தால் சாம்பல். அந்தச் சாம்பல் பிளக் முனையிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து கங்கு போலச் சிவந்து நின்றால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழ அது போதும். பெட்ரோலில் சீக்கிரம் கரைவதும் இல்லை.

தலைகீழாகவும் கேட்கிறார்கள். 2டி ஆயிலை ஃபோர்-ஸ்ட்ரோக்கின் அடியில் ஊற்றினால், அது மெல்லிய ஆயில். வால்வுகளையும் அவற்றைத் திறக்கும் கேமையும் தேய்மானத்திலிருந்து காக்கும் பொருள்கள் அதில் போதாது. அதுவும் கூடாது.

9. அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் ஊற்றி விமானமே ஓட்டினார்களாமே?

ஓட்டினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சுழல் என்ஜின் விமானங்கள் ஆமணக்கெண்ணெயில்தான் ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909இல் வந்தது. சூட்டைத் தாங்கி ஒட்டி நிற்பதில் விளக்கெண்ணெய்க்கு நிகர் அன்று இல்லை.

ஆனால் அந்த என்ஜின்களைச் சில பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவினார்கள். உங்கள் புல்வெட்டியை அப்படிப் பிரிப்பீர்களா? விளக்கெண்ணெய் பெட்ரோலில் சரியாகக் கரையாது, சூட்டில் பிசின் போல இறுகும். வயிற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

10. ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயிலில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, வெறும் 30 என்று இருக்கிறதே. எது நம் ஊருக்கு?

இவை எஸ்ஏஇ எண்கள். ஆயிலின் தடிமனைச் சொல்பவை, தரத்தை அல்ல. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முந்தைய எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பது. பிந்தைய எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு தடிமன் மிஞ்சும் என்பது.

முதல் எண்ணைப் பற்றி நம் சமவெளியில் கவலைப்பட வேண்டியதில்லை. எஸ்ஏஇ 30 ஆயில் 4 டிகிரிக்குக் கீழேதான் ஸ்டார்ட் ஆகத் தொல்லை கொடுக்கும். அந்தக் கவலை ஊட்டிக்காரர்களுக்கு. நமக்கு முக்கியம் சூடு. 27 டிகிரிக்கு மேல் 10டபிள்யூ-30 போட்டால் ஆயில் கொஞ்சம் வேகமாகத் தீரலாம், அடிக்கடி அளவு பாருங்கள் என்று பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கையேடே சொல்கிறது. நமக்கு மார்கழிப் பகலே பல நாள் 27ஐத் தாண்டிவிடும். கையேட்டில் வெப்பநிலைப் பட்டை ஒன்று வரைந்திருப்பார்கள். அதில் 40 டிகிரி வரை நீளும் கோடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் மணிக்கணக்கில் ஓடும் பம்புக்கும் வீடருக்கும், கையேடு அனுமதித்தால், நான் எஸ்ஏஇ 30 அல்லது 20டபிள்யூ-40 போடுகிறேன். கையடக்கமான சின்ன ஃபோர்-ஸ்ட்ரோக் புல்வெட்டிக்கு மட்டும் கையேடு 10டபிள்யூ-30 என்றால் 10டபிள்யூ-30தான். அதன் உள்வழிகள் குறுகலானவை.

11. பைக் ஆயில், ஸ்கூட்டர் ஆயில், கார் ஆயில் எல்லாம் ஃபோர்-ஸ்ட்ரோக்தானே? எதை வேண்டுமானாலும் ஊற்றலாமா?

பவர் வீடர், பம்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு ஏறக்குறைய ஆம். ஏபிஐ வகையில் எஸ் என்று தொடங்கும் எழுத்துகள் பெட்ரோல் என்ஜினுக்கு: எஸ்ஜே, எஸ்எல், எஸ்என், 2020இல் வந்த எஸ்பி. இரண்டாம் எழுத்து முன்னே போகப் போகப் புதிய தரம். எஸ்ஜே கேட்கும் என்ஜினுக்கு எஸ்என் தாராளமாகப் போடலாம்.

பைக்குக்குத்தான் கூடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில் ஊறிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் எரிபொருள் சிக்கனத்துக்காக வழுக்குப் பொருள் சேர்த்திருந்தால் கிளட்ச்சும் சேர்ந்து வழுக்கும். என்ஜின் அலறும், வண்டி நகராது. அதனால் பைக் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் எம்பி போதும். ஸ்கூட்டர் ஆயிலை மிச்சம் பிடித்துப் பைக்கில் ஊற்றுகிறவர்கள் இந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள்.

12. டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 டீசல் ஆயில் கேன் கேனாகக் கிடக்கிறது. வீடருக்கு அதையே ஊற்றினால்?

டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். சி என்று தொடங்குபவை டீசல் வகை: சிஎஃப்-4, சிஐ-4. பல டீசல் ஆயில்களில் சாய்கோடு போட்டு எஸ் வகையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், சிஐ-4/எஸ்எல் என்பது போல. அப்படி இருந்தால் பெட்ரோல் வீடருக்கு ஊற்றலாம். உங்கள் வீடரே டீசலில் ஓடுவது என்றால் கேள்வியே இல்லை, அதற்கு உரியதே இதுதான். எஸ் வகை எழுதவில்லை என்றால் பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டாம்.

13. எவ்வளவு ஊற்ற வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? என்னுடையதில் மாற்றியதே இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது.

அளவு சின்னது என்பதால் அலட்சியம் வருகிறது. ஹோண்டா ஜிஎக்ஸ்35 புல்வெட்டி என்ஜின் கொள்வது 100 மில்லிதான், ஒரு தேநீர்க் குவளை அளவு. அதில் 30 மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பம்புகளில் வரும் ஜிஎக்ஸ்160 கொள்வது சுமார் 600 மில்லி.

புது என்ஜினில் உலோகம் உரசிப் பழகும்போது துகள் உதிரும். அதனால் முதல் மாற்றம் சீக்கிரம் வரும்: ஜிஎக்ஸ்35க்கு 10 மணி நேரம், ஜிஎக்ஸ்160க்கு 20 மணி நேரம், அல்லது ஒரு மாதம், எது முந்துகிறதோ அது. பிறகு முறையே 50 மணி, 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. புழுதியில் ஓட்டினால் இன்னும் முன்பே. மணிக்கணக்கு யார் எழுதிவைப்பது என்று கேட்பீர்கள். பெட்ரோல் கணக்கு உங்களுக்குத் தெரியுமே, அதை வைத்துக் குத்துமதிப்பாகப் போடலாம்.

அளவு பார்க்கும்போது இயந்திரம் சமதளத்தில் இருக்க வேண்டும். ஜிஎக்ஸ்160 போன்றவற்றில் அளவுக்குச்சியைத் துடைத்து உள்ளே விட்டால் போதும், திருகக் கூடாது. திருகினால் குச்சி ஆழமாகப் போய் இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. கிராங்க் அதை நுரைக்க அடிக்கும், நுரை உயவூட்டாது.

ஆயில் கறுத்துவிட்டது என்று பதறி வருபவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கறுப்பது நல்ல அறிகுறி, அழுக்கை ஆயில் தன்னிடம் வாங்கிக்கொள்கிறது. பால் போல வெளுத்தால்தான் பதற வேண்டும், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

14. கடைக்காரர் ஃபோர்-ஸ்ட்ரோக் என்று சொல்லி விற்றார், ஆனால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை. ஸ்டில் நிறுவனத்தின் 4-மிக்ஸ் என்ஜின்கள் அப்படித்தான். வால்வுகள் உண்டு, நான்கு அசைவில் ஓடும், ஆனால் அடியில் ஆயில் தேக்கம் கிடையாது. டூ-ஸ்ட்ரோக்குக்குப் போலவே 50:1 கலவைதான் எல்லாவற்றையும் நனைக்கிறது. ஆயில் தேக்கம் இல்லாததால் எந்தக் கோணத்திலும் சாய்த்து ஓட்டலாம் என்பது அதன் வசதி.

இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் என்று கேட்டதும் சாதாப் பெட்ரோல் ஊற்றுகிறார்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. அல்லது ஃபோர்-ஸ்ட்ரோக்தானே என்று 4டி ஆயிலைக் கலக்கிறார்கள். 8ஆம் பதிலில் சொன்ன சாம்பல் இங்கே வால்வில் போய் உட்காருகிறது. கலவைக்கு 2டி ஆயில்தான்.

15. நான் ஆயில் ஊற்றவே இல்லை, ஆனால் அளவு தானாகக் கூடிக்கொண்டே போகிறது. இது எப்படி?

வரம் அல்ல, கசிவு. அளவுக்குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்குகிறது. வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை அடைக்காமல் வைப்பவர்களுக்கு இது அதிகம் வரும்.

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்புகளில் இன்னொரு காரணம்: என்ஜின் போதிய சூடாகும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் அது முழுதாக எரியாமல் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கும். எதுவானாலும் அந்த ஆயில் நீர்த்துப்போனது. மேலே மிகுந்ததை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள். முழுதும் வடித்து, காரணத்தைச் சரிசெய்து, புது ஆயில் ஊற்றுங்கள்.

16. இப்போது பங்கில் வருவது எத்தனால் பெட்ரோல். அதற்காக ஆயிலைக் கூட்ட வேண்டுமா?

விகிதம் மாறாது. மாற வேண்டியது வைத்திருக்கும் காலம். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமாகி இப்போது எங்கும் பரவிவிட்டது. சின்ன என்ஜின் கையேடுகள் பலவும் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. கார்புரேட்டரின் ரப்பர் சவ்வும் பெட்ரோல் குழாயும் விறைத்துப்போய் என்னிடம் வரும் இயந்திரங்கள் கூடியிருக்கின்றன.

டூ-ஸ்ட்ரோக்குக்கு இதில் ஒரு தனி ஆபத்து. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். 4ஆம் பதிலில் சொன்ன குழாய் வாய் எங்கே இருக்கிறது? அடியில். ஆயில் இல்லாத திரவம் என்ஜினுக்குப் போகும். நீங்கள் மில்லி பிசகாமல் கலந்திருந்தும் பிஸ்டன் போய்விடும். எனவே அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். ஒரு மாதம் தாண்டிய கலவையை என்ஜினுக்கு ஊற்றாதீர்கள். இயந்திரத்தைச் சும்மா வைக்கும் முன் டேங்கை வடித்து, தானாக நிற்கும் வரை ஓட்டிவிடுங்கள். ஐப்பசி மழையில் திறந்த கேனை வெளியே வைப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

17. அவசரத்தில் மாற்றி ஊற்றிவிட்டேன். என்ன செய்வது?

முதலில் நிறுத்துங்கள். கலந்த பெட்ரோலை ஃபோர்-ஸ்ட்ரோக் டேங்கில் ஊற்றியிருந்தால் புகையும், பிளக் கரிபிடிக்கும்; வடித்துவிட்டு நல்ல பெட்ரோல் ஊற்றினால் முடிந்தது. 2டி ஆயிலை அடியில் ஊற்றி இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் வடித்து உரியதை ஊற்றுங்கள், கேடு இல்லை.

சாதாப் பெட்ரோலை டூ-ஸ்ட்ரோக்கில் ஊற்றி ஓட்டியதுதான் பெரிய தவறு. அதில் எனக்கே அனுபவம் உண்டு. ஓர் ஆடி மாதம், வேலை நெருக்கடி, புதிதாகச் சேர்ந்த பையன், ஒரே நிறத்தில் இரண்டு கேன். வாடிக்கையாளரின் புல்வெட்டி பத்து நிமிடம் அருமையாக ஓடியது, பிறகு சத்தம் கம்மிப்போய் நின்றது. புகைக் கூண்டைக் கழற்றித் துளை வழியாகப் பார்த்தால் பிஸ்டனில் நெடுக நகக்கீறல் போலக் கோடுகள். சிலிண்டரும் பிஸ்டனும் என் செலவு. பையனைத் திட்டி என்ன பயன், கேன்களை அப்படி வைத்திருந்தவன் நான். அன்று முதல் கலந்த பெட்ரோல் கேனின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். நீங்களும் துளை வழியாகப் பாருங்கள். கோடு இல்லை என்றால் தப்பித்தீர்கள், நல்ல கலவை ஊற்றி மெதுவாக ஓட்டுங்கள்.

18. செயின்சாவில் இரண்டு மூடி இருக்கிறதே, ஒன்று எஞ்சின் ஆயிலுக்கா?

இல்லை. ஒன்று பெட்ரோல் கலவைக்கு, மற்றது சங்கிலிக்கு. சங்கிலி ஆயில் பசைபோல ஒட்டும் தன்மை உடையது. வேகத்தில் சிதறாமல் பட்டையில் தங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் கையேட்டைப் பார்த்துத் தற்காலிகமாக வேறு புது ஆயில் ஊற்றலாம். பைக்கில் வடித்த பழைய ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உலோகத் துகள் சின்னப் பம்பை அரித்துவிடும், வெட்டுகிறவர் கையிலும் முகத்திலும் தெறிக்கும்.

19. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருக்கிறேன். வால்பாறையிலிருந்து இறங்கும்போது மட்டும் என்ஜின் பிடிக்கிறது. ஆயில் சரியில்லையா?

ஆயில் சரி, ஓட்டும் முறைதான் சரியில்லை. 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு என்ஜின் பிடியில் இறங்குகிறீர்கள். சக்கரம் என்ஜினை வேகமாகச் சுற்ற வைக்கிறது, ஆனால் பெட்ரோல் போகவில்லை. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது, 2ஆம் பதிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்எக்ஸ் 100 போல ஆயிலுக்குத் தனி டேங்கும் பம்பும் உள்ள வண்டியிலும் இதே கதைதான். அந்தப் பம்பு ஆக்ஸிலேட்டரோடு இணைந்தது, மூடினால் மிகக் கொஞ்சமே விடும். இறங்கும்போது இடையிடையே ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திறந்து மூடுங்கள். பிரேக்கை நல்ல நிலையில் வைத்திருங்கள்.

20. பங்கில் லூசாக விற்கும் 2டி ஆயில் மலிவு. வாங்கலாமா? போலியை எப்படி அறிவது?

லூஸ் ஆயிலில் என்ன இருக்கிறது என்பதற்கு ஊற்றுகிறவரின் வாய்ச்சொல்தான் சான்று. டெல்லியில் புகை தாங்காமல் 1998 இறுதியோடு லூஸ் 2டி ஆயில் விற்பனையை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. நம் பக்கம் யாரும் தடுக்காவிட்டாலும் நான் வாங்குவதில்லை.

டப்பாவில் வாங்கும்போது மூடியின் உள்முத்திரை, தயாரிப்பு எண், அச்சின் தெளிவு ஆகியவற்றைப் பாருங்கள். நிறத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது, சாயம் யாரும் வாங்கலாம். போலி பெரும்பாலும் அசல் டப்பாவில்தான் வருகிறது, காலி டப்பா பழைய சாமான்காரரிடமிருந்து போகிறது. அதனால் காலியானதும் அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பிறகே எறியுங்கள்.

21. வடித்த ஆயிலைக் கரையானுக்குக் கதவு நிலையிலும் வேலிக் கம்பத்திலும் பூசுகிறோம். தப்பா?

ஊரே பூசுகிறது, தாத்தா காலத்துப் பழக்கம் என்பதும் தெரியும். ஆனால் வடித்த ஆயில் அரசு விதிகளில் அபாயக் கழிவு. வேலிக் கம்பத்தில் பூசியது மழையில் இறங்கிக் கிணற்றடிக்குத்தான் போகும். நாள்பட்டுத் தோலில் பட்டாலும் கேடு. என்னிடம் கொண்டுவந்தால் பீப்பாயில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுமதி பெற்றவர் வரும்போது கொடுத்துவிடுகிறேன். பெரிய சர்வீஸ் பட்டறைகளும் வாங்கிக்கொள்ளும். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலக்காமல் மூடியுள்ள கேனில் கொண்டுவாருங்கள். கலந்ததை அவர் எடுக்கமாட்டார்.